எளிமை என்னும் மயக்கம்: வளரும் ஜாஸ் குழுக்களுக்கான இசைக்கோப்புத் தெரிவு குறித்து

ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றில் ஜாஸ் வாத்தியக் குழுவொன்று இயங்குதல் இன்று வழக்கமாகிவிட்டது. சக்ஸபோன் ஐந்து, ட்ரம்பெற் நான்கு, ட்ரொம்போன் நான்கு, இவற்றைத் தாங்கி நிற்கும் தாளப் பிரிவாகப் பியானோ, கித்தார், பேஸ், ட்ரம்ஸ் ஆகிய நான்கு, ஆகப் பதினேழு பேர் கொண்டதே அதன் நிறைவான அமைப்பு. ஆண்டுதோறும் தேர்ந்தவர் வெளியேறப் புதியவர் புகுவதால் இக்குழுக்கள் எப்பொழுதும் வளரும் நிலையிலேயே உள்ளன. அவற்றை நடத்தும் ஆசிரியர் ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் எதிர்கொள்ளும் முதல் வினா, இம்மாணவர் கையில் எந்த இசைக்கோப்பினைக் கொடுப்பது என்பதாகும்.

இசைக்கோப்பு என்பது யாது? ஒரு மெட்டினை எடுத்து, அதன் எப்பகுதியை எவ்வாத்தியம் வாசிப்பது, எவ்விடத்தில் ஒரு பிரிவு பேச மறு பிரிவு மறுமொழி கூறுவது, எங்கே தனி வாசிப்புக்கு இடம் விடுவது, எங்கே யாவரும் மௌனம் காப்பது என வகுத்துத் தருவதே இசைக்கோப்பு. ஒரு மெட்டுக்குப் பல கோப்புகள் அமையலாம். மெட்டு ஒன்றாயினும் கோப்பு மாறுமிடத்து இசையே மாறிவிடும். எனவே கோப்பினைத் தெரிதல் கடையிற் பாடநூல் வாங்குவது போன்றதொரு சிறு கருமமன்று. ஓர் இளங்கலைஞர் ஜாஸ் என்பதை எதுவாக அறிந்துகொள்ளப் போகிறார் என்பதை அத்தெரிவே தீர்மானிக்கின்றது.

நடைமுறையில் இத்தெரிவு பெரும்பாலும் எண்ணொன்றைப் பார்த்தே செய்யப்படுகின்றது. பாடசாலைக் குழுக்களுக்கெனத் தாள் அச்சிட்டு விற்கும் பதிப்பகங்கள் தம் வெளியீடுகளைப் படித்தரம் பிரித்து எண்ணிடுகின்றன. ட்ரம்பெற் எட்ட வேண்டிய உச்சச் சுரம் யாது, தாள அமைப்பு எத்துணைச் சிக்கலானது, விரலுக்குச் சுருதி இலகுவானதா என்பனவே அளவுகோல்கள். இவ்வளவுகோலின்படி புளூஸ் கீழ்ப்படியில் வைக்கப்படும் பயிற்சித் துண்டாகிறது. சுவிங் மரபுக்கு மரியாதை செய்வதற்காக நிகழ்ச்சியிற் சேர்க்கப்படும் ஓரிரு உருப்படிகளாகச் சுருங்குகிறது. எஞ்சிய நேரத்தை மாணவர்க்குப் பழக்கமான றொக், ஃபங்க் சாயலுடைய தாள்கள் நிரப்புகின்றன. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் என்னும் கல்வி நெறி இதற்கு நியாயமாகக் காட்டப்படுகிறது. அந்நெறியில் தவறில்லை. எளியது எது என்று தீர்மானித்ததிலேயே தவறு உள்ளது.

புளூஸ்: படியா, அடித்தளமா?

1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதன் பின்னரும் தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கு நிலமோ நீதியோ கிட்டவில்லை. வயலிலும் அணைக்கட்டிலும் புகையிரதப் பாதையிலும் உழைத்த அம்மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் உருப்பெற்றதே புளூஸ். டபிள்யூ. சீ. ஹான்டி 1912இல் ‘மெம்பிஸ் புளூஸ்’ என்னும் ஆக்கத்தை அச்சிட்டதும், 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ இசைத்தட்டாக வெளிவந்ததும் அதனை நாடறியச் செய்தன. ஆயின் அச்சுக்கும் இசைத்தட்டுக்கும் முன்னரே அது வாய்மொழியாக வளர்ந்து முதிர்ந்திருந்தது.

அதன் மிகப் பரவலான வடிவம் பன்னிரண்டு தாளக்கட்டங்களைக் கொண்டது. நான்கு அடி கொண்டது ஒரு கட்டம். நான்கு கட்டம் கொண்டது ஒரு வரி. மூன்று வரிகள் சேர்ந்தால் ஒரு சுற்று. முதல் வரியில் ஒன்று கூறப்படும். இரண்டாம் வரியில் அதுவே மீண்டும் கூறப்படும். மூன்றாம் வரியில் அதற்கு விடை வரும். ஒவ்வொரு வரியிலும் குரல் ஏறத்தாழப் பாதியிடத்தையே எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதி மறுமொழிக்குரியது. பாடுபவர் தனித்திருந்தால் அவர் கையிலுள்ள கித்தாரே மறுமொழி கூறும். பிற்காலத்தில் பெரும் வாத்தியக் குழுக்களில் ட்ரம்பெற் பிரிவு வினவச் சக்ஸபோன் பிரிவு விடையளித்ததெல்லாம் இவ்விதையிலிருந்து முளைத்தனவே. ஆகவே புளூஸ் ஜாஸின் முதற்படியன்று. கட்டடம் எத்தனை மாடி உயர்ந்தாலும் அதனைத் தாங்கி நிற்கும் அடித்தளம்.

படித்தர எண் இதனை அறியாது. டியூக் எலிங்டனின் ‘சீ ஜாம் புளூஸ்’ என்னும் ஆக்கத்தின் மெட்டு இரண்டே சுரங்களால் ஆனது. ட்ரம்பெற்றைக் கையிலெடுத்துச் சில வாரங்களே ஆன சிறுவனும் அவ்விரு சுரங்களை ஊதிவிடுவான். ஆயின் அவை எவ்வடியில் விழ வேண்டும், எவ்வளவு நேரம் ஒலித்து எவ்விடத்தில் அறுபட வேண்டும், அதன் பின்வரும் மௌனம் எவ்வாறு அடுத்த சொல்லைத் தூண்ட வேண்டும் என்பன தேர்ந்த கலைஞரும் வாழ்நாள் முழுவதும் கற்பவை. புளூஸுக்கேயுரிய, மூன்றாம் ஐந்தாம் ஏழாம் சுரங்கள் வளைந்து தாழ்ந்து பியானோவின் இரு கட்டைகளுக்கிடையே நிற்கும் நிலையையும் தாள் காட்டாது. பதிப்பகத்தின் எண் உதட்டையும் விரலையும் அளக்கின்றது. செவியை அளக்க அதனிடம் கோலில்லை. செவி அளக்கப்படாத இடத்தில் செவி பயிற்றப்படுவதுமில்லை.

தாளும் சந்தையும்

சுவிங் பற்றியும் இதுவே கூறத்தக்கது. தாளில் இரு சம அரையடிகளாக எழுதப்படுவன, வாசிக்குமிடத்து முன்னது நீண்டும் பின்னது குறுகியும் ஒலிக்கின்றன. எவ்வளவு நீளுதல் வேண்டும் என்பதற்கு நிலையான விகிதமில்லை. காலப்பிரமாணம் விரைய விரைய அவ்வேறுபாடு குறையும். கலைஞருக்குக் கலைஞர் அது மாறும். சுரக்குறிப்பை மட்டும் பார்த்துக் கமகத்தைக் கற்க இயலாது என்பதைக் கர்நாடக இசையறிந்தோர் எவரும் ஒப்புவர். சுவிங்கின் நிலையும் அத்தகையதே. அது கேட்டுப் பெறப்படுவது.

இக்கேள்வி மரபு எவ்வாறு தாளில் ஏறியது என்பதை நோக்குதல் பயனுடைத்து. 1920களில் நியூயோர்க்கில் ஃபிளெச்சர் ஹென்டர்சனின் குழுவுக்குக் கோப்பு வகுத்த டொன் ரெட்மன், ஊதுவாத்தியங்களைப் பிரிவுகளாக நிறுத்தி அவற்றிடையே உரையாடலை அமைத்தார். 1924இல் அக்குழுவிற் சேர்ந்த லூயி ஆம்ஸ்ட்ரோங் ஓராண்டளவே அதில் இருந்தாராயினும், ஒரு சுரத்தை எவ்வாறு தாளத்தின்மீது இருத்துவது என்பதை ஏனையோர் அவரிடமிருந்து கேட்டறிந்தனர். எழுதியவரும் கேட்பித்தவரும் சேர்ந்தபொழுதே அவ்விசை உயிர்பெற்றது. பின்னர் பொருள் நெருக்கடிக்குள்ளான ஹென்டர்சன் தம் கோப்புகளைப் பெனி குட்மனுக்கு விற்றார். 1935 ஓகஸ்ட் 21ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸின் பலோமார் நடன மண்டபத்தில் குட்மன் குழு பெற்ற பெருவரவேற்பே சுவிங் யுகத்தின் தொடக்கமெனப் பலராலும் குறிக்கப்படுகிறது. ‘சுவிங் மன்னர்’ என்ற பட்டம் வெள்ளையரான குட்மனைச் சேர்ந்தது. கோப்பெழுதிய கறுப்பினத்தவர் பின்னணியிலேயே நின்றார். ஹென்டர்சனின் பங்கைக் குட்மன் மறைத்தாரல்லர். குறை தனிமனிதருடையதன்று, தாளைப் பண்டமாகவும் தாளுக்குரியவரைக் கூலியாளாகவும் கண்ட சந்தையினுடையது.

அச்சந்தை இன்றும் மறையவில்லை. அதன் ஒரு கிளை பாடசாலையை நோக்கித் திரும்பியிருக்கிறது. எந்தக் குழுவுக்கும் பொருந்துமாறு ஆக்கப்பட்ட தாளே மிகுதியாக விற்பனையாகும். எல்லாருக்கும் பொருந்துவதற்காகத் தனித்தன்மைகள் யாவும் அதிலிருந்து செதுக்கி நீக்கப்படுகின்றன. எலிங்டனின் முறை இதற்கு நேர்மாறானது. அவர் ‘முதலாம் ட்ரம்பெற்’, ‘இரண்டாம் சக்ஸபோன்’ என்று எழுதாது, வாசிப்பவரின் பெயரையே தாளின் தலையிற் குறிப்பது வழக்கம். ஜோனி ஹொட்ஜஸ் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாங்கும், ஹரி கார்னியின் தாழ்ந்த சக்ஸபோன் எழுப்பும் கனத்த ஒலியும் அவருடைய மனத்தில் முன்கூட்டியே ஒலித்தன. 1963இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் ஆசியப் பயணம் மேற்கொண்ட அக்குழு கொழும்பிலும் வாசித்தது. அன்று இலங்கையர் கேட்டது குறிப்பிட்ட மனிதருக்காகக் குறிப்பிட்டவொரு மனிதர் எழுதிய இசையை. வளரும் குழுவொன்றின் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. அவர் முதலிற் படிக்க வேண்டியது பதிப்பகத்தின் பட்டியலையன்று. தம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளை.

பாடசாலைக்கென எழுதப்பட்ட யாவும் தாழ்ந்தன என்பது இங்கு வாதமன்று. கவுன்ட் பேஸியின் குழுவுக்காகப் பல கோப்புகளை எழுதிய சமி நெஸ்ரிக்கோ பாடசாலைக் குழுக்களுக்காகவும் எழுதினார். இளையோருக்கான அத்தாள்களிலும் சுவிங் சுவிங்காகவே நின்றது. ஆகவே வினா தாள் யாருக்கென அச்சிடப்பட்டது என்பதன்று; அதனுள் உரையாடல் உயிரோடிருக்கிறதா என்பதே.

எதிர்வாதங்கள்

இந்நிலைப்பாட்டுக்கு எதிராகக் கூறப்படுவன பிரதானமாக நான்கு.

முதலாவது, மாணவர் றொக் இசையையே விரும்புகின்றனர். விருப்பமில்லாததைத் திணித்தால் குழுவை விட்டு விலகிவிடுவர் என்பது. றொக் இசையின் தாயே புளூஸ் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. 1950களின் றொக் பாடல்களிற் பல அதே பன்னிரண்டு கட்டச் சுற்றில் அமைந்தவை. மாணவர் தாம் விரும்பும் இசையின் வேரைத் தம் கையாலேயே தொட்டறியும்பொழுது எழும் ஆர்வம், அவர்கள் ஏலவே அறிந்ததை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கும்பொழுது எழுவதில்லை. மேலும், விருப்பத்தை விரிப்பது கல்வியின் கடமை. விருப்பத்துக்குப் பரிமாறுவது உணவகத்தின் தொழில்.

இரண்டாவது, பழம்பெரும் கோப்புகள் இளையோரின் வலுவுக்கு மிஞ்சியவை என்பது. இதில் உண்மையுண்டு. பேஸியின் ‘வன் ஓ’குளொக் ஜம்ப்’ பியானோவில் எஃப் சுருதியில் தொடங்கி, குழு புகும்பொழுது டீ பிளாட் சுருதிக்கு மாறுகிறது. அச்சுருதி தொடக்க நிலை விரல்களுக்கு இடர் தருவது. தேர்ந்தவர்க்கென எழுதப்பட்ட ட்ரம்பெற் பகுதிகளின் உச்சச் சுரங்களை இளம் உதடுகள்மீது சுமத்துதல் கேடும் விளைவிக்கும். ஆகவே சுருதியை மாற்றலாம். உச்சச் சுரத்தைத் தாழ்த்தலாம். ஒரு பகுதியைச் சுருக்கலாம். எளிமைப்படுத்துதல் குற்றமன்று. எதனை எளிமைப்படுத்துவது என்பதே வினா. உதட்டின் சுமையைக் குறைப்பது ஆசிரியரின் பரிவு. செவியின் வேலையைப் பறிப்பது வேறு. வினாவிடை அமைப்பையும், குறுஞ்சொற்றொடர்களின் மோதலையும், மௌனத்தையும், திறந்த தனி வாசிப்பையும் நீக்கிவிட்டு எஞ்சுவதை ஜாஸ் என்று பெயரிட்டுக் கொடுப்பதற்கு எந்தப் பரிவும் நியாயமாகாது.

மூன்றாவது, குழு முழுமையற்றது என்பது. ட்ரொம்போன் இருவர், ட்ரம்பெற் மூவர் என்றிருக்கும் குழுவுக்குப் பேஸி எதற்கு என்பர். கன்சாஸ் சிற்றியின் ரீனோ கிளப்பில் பேஸி நடத்திய குழுவே ஒன்பது பேரளவினதுதான். 1936இல் வானொலி வழியே அதனைக் கேட்டு ஜோன் ஹமண்ட் வியந்தபோது அங்கு பதினேழு பேர் இருக்கவில்லை. குறுஞ்சொற்றொடர்களை ஒருவர் எழுப்ப மற்றையோர் பற்றிக்கொண்டு, தாளின்றியே அந்த இடத்தில் கோப்பு வகுத்தனர். 1937இல் இசைத்தட்டிற் பதிவான ‘வன் ஓ’குளொக் ஜம்ப்’ அவ்வழியே பிறந்த ஒரு புளூஸ்தான். குறைந்த ஆட்கள் என்பது அவ்விசைக்குத் தடையாகவிருக்கவில்லை. அதன் பிறப்பிடமாகவே இருந்தது.

நான்காவதும் ஆழமானதுமான வாதம் அச்சத்திலிருந்து எழுவது. புதியவருக்குத் தனி வாசிப்பு வராது. மேடையில் தடுமாறி வெட்கமடைவர். ஆதலால் தனி வாசிப்பையும் எழுதிக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு என்பர். பாடசாலைத் தாள்களிற் பல இவ்வாறு எழுதப்பட்ட ‘தனி வாசிப்பு’டனேயே வருகின்றன. மேடையில் மாணவர் எழுந்து நின்று, தம் சொந்தச் சொல்லைக் கூறுவது போன்ற பாவனையில் பிறர் எழுதியதை வாசித்துவிட்டு அமர்வார். அவையோர் கைதட்டுவர். அக்கைதட்டலிற் கற்பிக்கப்படுவது யாது? சொல்ல ஒன்றுமில்லாதபோதும் சொல்வதுபோல் நடிக்கலாம் என்பது. கற்பனை சுரத்தைப் பிறர் எழுதித்தர மனனஞ்செய்து பாடும் பாடகரை எந்தச் சங்கீத சபையும் மதியாது. எழுதப்பட்ட மாதிரியைப் பயிற்சிக்குக் கொள்ளலாம். மேடையில் அதுவே முடிவாகலாகாது. பன்னிரண்டு கட்டத்தில் மூன்றே சுரங்களை வைத்துத் தடுமாறிய ஒருவர், பிழையின்றித் தாளைப் படித்தவரைவிடச் சிறிது தூரமேனும் ஜாஸினுள் நடந்திருக்கிறார்.

தெரிவின் நெறிகள்

மறுப்பது மட்டும் போதாது. எதனைத் தெரிவது என்பதும் கூறப்பட வேண்டும்.

தவணையின் முதல் உருப்படி தாளில்லாத புளூஸாக இருத்தல் வேண்டும். ஆசிரியர் ஒரு குறுஞ்சொற்றொடரைப் பாடிக்காட்ட, சக்ஸபோன் பிரிவு அதனைப் பிடித்துக்கொள்ளட்டும். மறுமொழியை ட்ரம்பெற் பிரிவு தானே கண்டுபிடிக்கட்டும். பீ பிளாட், எஃப் ஆகிய ஊதுவாத்தியங்களுக்கு இசைவான சுருதிகளில் இதனைச் செய்யலாம். பன்னிரண்டு கட்டம் மனத்தில் நின்றுவிட்டபின், அதே சுற்றில் அமைந்த வேறுபட்ட கோப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்தல் நன்று. எலிங்டனின் இரு சுர மெட்டு ஒன்று. மேரி லூ வில்லியம்ஸ் என்னும் பெண் கலைஞர் 1937இல் குட்மன் குழுவுக்கெனப் படைத்த ‘ரோல் எம்’ மற்றொன்று. வடிவம் ஒன்றாயிருக்க உணர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவர் விரிவுரையின்றியே அறிந்துகொள்வர்.

அடுத்து, காலப்பிரமாணம். வேகமானது அரிது, மெதுவானது எளிது என்பது பரவலானவொரு மயக்கம். நீல் ஹெஃப்ரி எழுதி, 1958இல் வெளிவந்த பேஸியின் இசைத்தட்டில் இடம்பெற்ற ‘லில் டார்லின்’ தாளிற் காண்பதற்கு மிக எளிது. அதன் தாழ்ந்த காலத்தில் பதின்மூன்று ஊதுவாத்தியங்களும் ஒரே மூச்சாகச் சுரத்தை விடுவதில் உள்ள கடினத்தை வாசிக்கப் புகுந்த குழுவே அறியும். ஒவ்வோர் இடைவெளியும் ஒரு பொறி. வளரும் குழுவுக்குரியது இடைத்தரக் காலமே. நடையின் இயல்பான வேகத்தில் உடல் தானே தாளத்தைக் காத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக, தாளப் பிரிவைப் பார்த்தே கோப்பைத் தெரிய வேண்டும். பேஸி, வோல்டர் பேஜ், ஜோ ஜோன்ஸ், ஃபிரெடி கிரீன் ஆகிய நால்வரும் ஒரே மூச்சாய் இயங்கியமையாலேயே முன்னின்ற ஊதுவாத்தியங்கள் சுதந்திரமாகப் பேசின. 1937இல் சேர்ந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு அக்குழுவில் இருந்த கிரீன் தனி வாசிப்பு நிகழ்த்தியது மிக அரிது. கட்டத்துக்கு நான்கு அடி, அவ்வளவே. அந்நான்கு அடிகளின்றி அக்குழு இல்லை. ஊதுவாத்தியங்களுக்கு ஆரவாரமான பகுதிகளைக் கொடுத்துத் தாளப் பிரிவைக் கைவிட்ட கோப்பு, தூணின்றி எழுப்பிய கோபுரம்.

நான்காவதாக, மாணவர் கேட்பதற்கு மூலம் ஒன்று இருத்தல் வேண்டும். ஒரு காலத்தில் இதனைச் சூழலே அளித்தது. சிக்காகோவின் தென்புறத்தில் டுசாபிள் உயர்நிலைப் பாடசாலையில் வோல்டர் டையெற் என்னும் ஆசிரியர் கண்டிப்புடன் பயிற்றிய மாணவரிலிருந்தே ஜீன் அமன்ஸ், ஜோனி கிரிஃபின் போன்ற பெருங்கலைஞர் தோன்றினர். அவர்தம் ஒழுங்குமுறை ஒருபுறமிருக்க, அப்பிள்ளைகள் வீடு திரும்பும் தெருவிலேயே புளூஸ் ஒலித்தது. இன்று பல மாணவருக்கு அத்தெருவில்லை. ஆதலால் பேஸியோ எலிங்டனோ வாசித்துப் பதிவான கோப்பினைக் கொடுப்பது இரட்டிப்பு நன்மையுடையது: தாள் காட்டாததைப் பதிவு காட்டும். நியூயோர்க்கின் லிங்கன் சென்ரர் ஜாஸ் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து எலிங்டனின் மூலக் கோப்புகளை உயர்நிலைப் பாடசாலைகளுக்கு வழங்கி, ஆண்டுதோறும் விழாவும் நடத்தி வருகிறது. அங்கு வாசிக்கும் குழுக்கள் தேர்ந்தவை என்பது உண்மையே. ஆயினும் இளையோர் மூல இசையைத் தாங்கார் என்ற கூற்றுக்கு அவ்விழாவே போதிய மறுப்பாகும்.

இப்பதினேழு பேரிற் பெரும்பாலோர் பாடசாலையை விட்டு நீங்கியபின் வாத்தியத்தைத் தொழிலாகக் கொள்ளப் போவதில்லை. அவ்வாறாயின் இவ்வளவு வாதமும் எதற்கு என்று கேட்கலாம். அதனாலேயே இவ்வாதம் முக்கியமாகின்றது. உச்சச் சுரமும் விரல் வேகமும் சில ஆண்டுகளில் அவர்களை விட்டுப் போய்விடும். பிறர் கூறுவதை முழுவதும் கேட்டு, தனக்குரிய இடம் வரும்வரை காத்திருந்து, பின்னர் தன் சொல்லைத் தன் குரலிற் கூறும் பழக்கம் மட்டும் எஞ்சக்கூடும். பேசும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், பன்னிரண்டு கட்டத்துக்குள் ஒருவருக்கொருவர் பேசவும் மறுமொழி கூறவும் இடம் வகுத்துக்கொண்டனர். அவ்விடத்தை அடைத்துவிட்டு, அதன் வெளித்தோற்றத்தை மட்டும் அச்சிட்டு, படித்தர எண்ணுமிட்டுப் பிள்ளைகளிடம் நீட்டுவது எளிமையாகாது. அவர்களுக்கு எளியதைக் கொடுக்க விரும்பும் ஆசிரியர் இரண்டு சுரங்களைக் கொடுக்கட்டும். மறுமொழிக்கான இடத்தையும் உடன் கொடுக்கட்டும்.